பெயரும் ஊரும் கேட்ட வானொலி

(இலங்கை வானொலியின் வர்த்தக சேவை குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலங்கை வானொலி என்று தலைப்பு அறிவித்தாலே கூட்டத்தில் பாதிப் பேர் பெருமூச்சுடன் வந்து உட்காருவார்கள். அந்தக் குரல், அந்தப் பாட்டு, அந்தக் காலம். அந்தப் பெருமூச்சில் எனக்கும் பங்குண்டு. ஆனால் எழுபது வயதுக்காரர்களின் ஏக்கத்தை இருபது வயதுக்காரர்களிடம் ஒப்படைப்பதற்காக ஒருவர் பணம் போட்டு அறக்கட்டளை வைத்திருக்கமாட்டார். ஆகவே இன்று கொஞ்சம் கணக்குப் பேசலாம் என்று நினைக்கிறேன். அந்த வானொலிக்கு யார் பணம் கொடுத்தார்கள், யாருக்காகக் கொடுத்தார்கள், கேட்பவர் இருக்கிறார் என்பதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? இந்தக் கணக்கைப் பார்த்தால், நாம் கலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் சில விஷயங்கள் வியாபாரத்தில் பிறந்தவை என்பது தெரியவரும். அதனால் அவற்றின் மதிப்புக் குறையாது என்பது என் கட்சி.

கதை ஒரு தந்தி அலுவலகத்தில் தொடங்குகிறது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் கொழும்புக்கு வந்தார். தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர். 1923இல் மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்களைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார்கள். அதற்கான கருவி, முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாதனங்களைப் பிரித்துச் செய்தது. 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. நம் பக்கத்தில் 1924இலேயே சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்நின்று வானொலிக் கழகம் ஒன்றை நடத்தினார்; பணமில்லாமல் அது படுத்துவிட்டது. கொழும்பில் அரசுத் துறையே நடத்தியதால் நீடித்தது. வர்த்தகத்தில் பெயர்பெற்ற நிலையத்தின் வேர் அரசாங்கத்தில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்த கொடையும் போரிலிருந்துதான் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது மவுன்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் கண்டிக்கு வந்தது. ஆசியா முழுதும் சிதறிக் கிடந்த துருப்புகளுக்குப் பாட்டும் செய்தியும் கொடுக்க ‘ரேடியோ சீக்’ என்ற நிலையத்தைக் கொழும்பில் அமைத்தார்கள். அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை அலைபரப்பி எழுந்தது. அது முழு வலுவோடு பேசத் தொடங்கியபோது போர் முடிந்திருந்தது. சிப்பாய்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இந்தியா முழுவதையும் தாண்டிக் கேட்கக்கூடிய யந்திரம் மட்டும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நின்றது. இலங்கையின் சொந்தத் தேவைக்கு அது மிகப்பெரிது. சின்னத் தீவுக்கு அவ்வளவு உரத்த குரல் எதற்கு?

1949 அக்டோபர் 1இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் துறையானது. பி.பி.சி.யிலிருந்து வந்த ஜான் லாம்ப்சன் முதல் தலைமை இயக்குநர். மறு ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வர்த்தக சேவை தொடங்கிற்று. அதை நடத்தக் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் கிளிஃபர்ட் டாட். ஆஸ்திரேலியாவில் விளம்பர வானொலி அப்போதே பழகிப்போன தொழில். உள்ளூரில் விற்க முடியாத உரத்த குரலை அயலூருக்கு விற்கலாம் என்ற வழி அந்தப் பழக்கத்தில் கிடைத்தது. அரசாங்கத் துறை ஒன்று, போரில் மிஞ்சிய யந்திரத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து நாட்டுக் கம்பெனிகளின் பற்பசையையும் தேயிலையையும் பக்கத்து நாட்டு மக்களுக்கே விற்கப் புறப்பட்டது. இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் எந்த நிதி அமைச்சகமும் கையெழுத்துப் போட்டிருக்காது.

அப்புறம் தில்லி உதவிக்கு வந்தது. உதவி செய்கிறோம் என்று தெரியாமலே செய்தது.

1952இல் பி. வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உண்மையாகவே நம்பினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டின் பங்கைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். படத் தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். தேசிய வானொலியிலிருந்து திரைப்பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது. ஹார்மோனியத்துக்கு அங்கே முன்பே இடமில்லை; 1940லிருந்து தடை.

கேஸ்கரைக் கேலி செய்வது எளிது. அவர் காலத்தில் வானொலியில் சங்கீதக் கலைஞர்களுக்குக் கிடைத்த வருமானமும் மரியாதையும் சாதாரணமானவை அல்ல. ஆனால் நேயர் ஒருவர் விசையைத் திருப்பக்கூடும் என்பது அவருடைய திட்டத்தில் எங்கும் இல்லை. விசையைத் திருப்பினால் கொழும்பு. பாட்டு, படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் அங்கே இருந்தன. அந்த நாளில் இந்தியாவில் ஒரு நையாண்டி வழங்கியது: பத்து வீட்டு ரேடியோக்களில் ஒன்பது சிலோனைப் பாடுகின்றன, பத்தாவது பழுதாகிக் கிடக்கிறது.

1952 டிசம்பர் 3இல் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. தொகுத்தவர் அமீன் சயானி. சீபா கம்பெனி தன் பற்பசைக்காக நடத்திய நிகழ்ச்சி. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே திரும்ப ஒலிபரப்பினார்கள். முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள்; விரைவிலேயே வாரத்துக்கு 65,000 வரை ஏறியது. அதில் வைத்த நேயர் போட்டிக்குப் பரிசுத்தொகை 100 ரூபாய்தான்.

இந்தக் கடிதங்களிடம் கொஞ்சம் நின்று போகவேண்டும். செய்தித்தாள் எத்தனை பிரதி விற்றது என்று அச்சகத்துக்குத் தெரியும். சினிமாவுக்கு எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று கொட்டகைக்காரருக்குத் தெரியும். வானொலியை எத்தனை பேர் கேட்டார்கள்? யாருக்கும் தெரியாது. அரசு வானொலிக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இல்லை. உரிமக் கட்டணம் தபால் நிலையத்தில் வந்துவிடும். வர்த்தக வானொலியின் நிலைமை வேறு. பணம் கொடுக்கிற கம்பெனி சான்று கேட்கும். கேட்பவரைக் கண்ணால் காட்ட முடியாது. அவர் கைப்படப் பெயரும் ஊரும் எழுதிய தபாலட்டையைக் காட்டலாம். அதற்காகத்தான் போட்டி வைத்தார்கள், பரிசு வைத்தார்கள், விருப்பப் பாடல் கேட்கச் சொன்னார்கள், பிறந்தநாள் வாழ்த்து அனுப்பச் சொன்னார்கள். எழுதியவரின் பெயரை ஒலிபரப்பில் வாசித்தால் அடுத்த வாரம் அவர் தெருவே எழுதும். கொழும்பு வானொலிக்கு இந்திய விளம்பரங்களைச் சேர்த்துக் கொடுத்த முகவர் நிறுவனத்துக்குப் பம்பாயிலும், நம் சென்னை மந்தைவெளிப்பாக்கத்திலும் அலுவலகங்கள் இருந்தன. கடல் கடந்து கேட்கிற நிலையத்துக்கு உள்நாட்டுத் தபாலட்டை போதும் என்றால் எழுதுகிறவருக்கு என்ன தடை?

நேயர் விருப்பம் என்ற வடிவத்தின் பொருளாதாரம் இதுதான். ஆனால் தபாலட்டையின் மறுமுனையில் இருந்தவருக்கு அது பொருளாதாரமாகப் படவில்லை. அன்றைய பீகாரில் ஜும்ரி தலையா என்று அபிரகச் சுரங்க ஊர் ஒன்று. விருப்பப் பாடல் கேட்டு எழுதியே இந்தியா முழுக்கப் பெயர்பெற்றுவிட்டது. தமிழில் நடந்ததைக் கேளுங்கள்: அதுவரை ஜோசியரும் தபால்காரரும் மட்டுமே பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதர்கள், ஒருநாள் காலையில் ‘நீங்கள் கேட்டவை’யில் தங்கள் பெயரையும், அப்பா பெயரையும், தெருப் பெயரையும், வரைபடத்தில் தேடினாலும் அகப்படாத கிராமத்தின் பெயரையும் கேட்டார்கள். திருச்சி நிலையமும் சென்னை நிலையமும் கிராமத்துக்காக எத்தனையோ நல்ல நிகழ்ச்சிகள் நடத்தின. அங்கே கிராமவாசி கேட்டுத் திருந்தவேண்டியவராக இருந்தார். கொழும்பு நிலையம் அவரிடம் “என்ன பாட்டு வேண்டும்?” என்று கேட்டது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை எங்கள் வீட்டில் நேராகப் பார்த்திருக்கிறேன். திருச்சி அப்பாவுடையது, கொழும்பு அக்காவுடையது. அக்கா ஒரு தடவைகூட அப்பாவிடம் அனுமதி கேட்டு விசையைத் திருப்பியதில்லை. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகும் நேரம் அவளுக்குத் தெரியும்.

கேட்பதற்கு இயற்கையும் துணை. சிற்றலை வானின் அயனி மண்டலத்தில் மோதித் தெறித்துத் தொலைவில் இறங்கும். 25 மீட்டரிலும் 41 மீட்டரிலும் வட இந்தியா கேட்டது அப்படித்தான். ஏறி இறங்கி, அலை அடிப்பதுபோல் ஒலி வரும். மத்திய அலை தரையை ஒட்டிப் போகும். தரை அதை உறிஞ்சிக்கொள்ளும். உப்புநீர் அதை அவ்வளவாக உறிஞ்சாது. ஆகவே மன்னார் வளைகுடாவையும் பாக்கு நீரிணையையும் தாண்டி வந்த மத்திய அலை, இராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினக் கரையோரங்களில் உள்ளூர் நிலையத்தைப் போலவே கணீரென்று கேட்டது. இலங்கைக்குள் ஒலிபரப்பான ‘தமிழ்ச்சேவை இரண்டு’, அதாவது உள்நாட்டு வர்த்தக சேவை, நமக்கும் உள்நாட்டு வானொலியானது அதனால்தான். அறுபதுகளில் டிரான்சிஸ்டர் பரவியதும் தேநீர்க்கடை, தையற்கடை, வள்ளம் என்று அது மனிதர்களோடு நடமாடத் தொடங்கியது.

இப்போது குரல்களுக்கு வருகிறேன். தமிழ் ஒலிபரப்பை ஒரு கலையாகச் சிந்தித்த முதல் மனிதர்களில் ஒருவர் சோ. சிவபாதசுந்தரம். கொழும்பு நிலையத்தின் தமிழ்ப்பகுதியில் பணியாற்றியவர், லண்டன் பி.பி.சி. தமிழ் நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர். 1954இல் ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலை எழுதினார். ஒலிவாங்கியின் முன் எப்படிப் பேசுவது என்று தமிழில் ஒரு புத்தகம் அந்த ஆண்டிலேயே வந்துவிட்டது என்பதை நம் இதழியல் துறைகள் இன்னும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை.

வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனன். அவருக்குப் பிறகு வந்த எல்லாருமே, அவரைப் பின்பற்றியும் அவரிடமிருந்து விலகியும், அவர் போட்ட தடத்தில்தான் நடந்தார்கள். அவர் துணைவியார் செந்திமணி மயில்வாகனனும் அறிவிப்பாளர். ராஜேஸ்வரி சண்முகம் நாடக நடிகையாக வந்து அறிவிப்பாளராகப் பல பத்தாண்டுகள் வீடுகளுக்குள் ஒலித்தார். எஸ். கே. பரராஜசிங்கம் பாடகரும்கூட, ஒரு பாடலை அறிமுகப்படுத்தும்போது அதன் சொற்களின் எடை தெரிந்து பேசுவார். பி. எச். அப்துல் ஹமீது சிறுவர் நிகழ்ச்சியிலிருந்து நாடகம், அறிவிப்பு என்று வளர்ந்தவர். ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை ஊர் ஊராக மேடையேற்றி, பின்னாளில் தமிழகத் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தவர்.

கே. எஸ். ராஜாவைத் தனியாகச் சொல்லவேண்டும். வேகமாகப் பேசுவது எளிது. வேகமாகப் பேசும்போது ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழுவது கடினம். அவரிடம் ழகரமும் ளகரமும் ஓட்டத்தில் உராய்ந்துகொண்டதே இல்லை. ‘திரைவிருந்து’ அவருடைய கோட்டை. அடிப்படையில் அது புதுப்பட விளம்பரம். வசனத் துண்டு, பாட்டின் பல்லவி, நடுவில் அவர் குரல். காசு கொடுத்துப் போடும் அறிவிப்பையே காத்திருந்து கேட்கும் நிகழ்ச்சியாக மாற்றினார். படத்தைப் பார்த்துவிட்டு, ராஜா சொன்னது இதைவிட நன்றாக இருந்தது என்று திரும்பியவர்கள் உண்டு.

அறிவிப்பாளர்களுக்கு இந்தச் செழிப்பு எங்கிருந்து வந்தது? அவர்கள் வாசித்தது பெரும்பாலும் பெயர்கள். பாடலின் விவரம், நேயர் பட்டியல், பொருளின் பெயர். கோபால் பல்பொடிக்கும் இசைத்தட்டுக்கும் நடுவே கிடைக்கும் சில வினாடிகள்தான் அவர்களுடைய மேடை. அந்த நெருக்கடியில் சொல் சுருங்கியது, உச்சரிப்புத் துலங்கியது. கூடவே ஒரு கல்வியும் நடந்தது. இந்தப் பாட்டை எழுதியவர் மருதகாசி, இதை எழுதியவர் பட்டுக்கோட்டை என்று தமிழ்நாட்டுச் சிறுவர்கள் தெரிந்துகொண்டது பாடப்புத்தகத்திலா?

‘பொங்கும் பூம்புனல்’, ‘இசையும் கதையும்’, ‘இரவின் மடியில்’ என்று நிகழ்ச்சிப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். இங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாக அடுக்குவார்கள். நான் சொல்ல விரும்புவது யாரும் ஏக்கத்தோடு நினைக்காத ஒரு நிகழ்ச்சியைப் பற்றி: மரண அறிவித்தல்.

அதுவும் கட்டணம் வாங்கி ஒலிபரப்பியதுதான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னார் இன்னாரின் தந்தை, மைத்துனர், பேரன். கிரியை எத்தனை மணிக்கு, தகனம் எந்த மயானத்தில். உற்றார் உறவினர் நண்பர்கள் இதை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகோள். தொலைபேசி அரிதான நாட்டில், யாழ்ப்பாணத்தில் இறந்தவருடைய தம்பி கொழும்பில் குமாஸ்தாவாகவும் மருமகன் மட்டக்களப்பில் ஆசிரியராகவும் இருந்தால், தந்தியைவிட இது நிச்சயம். எல்லா வீடும் அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். இராமேசுவரத்துப் பக்கம் கேட்டவர்களுக்கு முதலில் இது விசித்திரமாக இருந்தது. ரேடியோவில் யாராவது சாவுச் செய்தி சொல்வார்களா? கேட்டுக் கேட்டு யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்ப்பெயர்களெல்லாம் மனப்பாடம் ஆகின. ஒரு சமூகம் எங்கெங்கே குடிபெயர்ந்திருக்கிறது, யார் யாரோடு சம்பந்தம் செய்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த அறிவித்தல்களைப்போல் ஆவணம் கிடையாது.

இவ்வளவு சொன்னவன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விளம்பரக் காசில் ஓடும் சேவை கூட்டம் கேட்பதைத்தான் கொடுக்கும். கூட்டம் கேட்டது தமிழ்நாட்டுத் திரைப்பாட்டு. இலங்கைக் கலைஞர்கள் தங்கள் நாட்டு வானொலியிலேயே தங்களுக்கு இடம் போதவில்லை என்று குறைப்பட்டது நியாயம். பரராஜசிங்கம் போன்றவர்கள் உள்ளே இருந்துகொண்டே ஈழத்து மெல்லிசைக்காக வாதாடினார்கள். எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசை கிளம்பியபோது அதே அலைவரிசை அதைக் கடல் தாண்டி இங்கே கொண்டுவந்தது. ‘சுராங்கனி’ தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகள்வரை வந்தது. வானொலி நாடகம் ஒன்று 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமே ஆயிற்று. ஆனால் மொத்தத்தில் தட்டு நம் பக்கமே தாழ்ந்திருந்தது. அவர்கள் அறிவிப்பாளர்களை நாம் தெரிந்துவைத்திருந்த அளவுக்கு அவர்கள் கவிஞர்களை நாம் தெரிந்துவைத்திருக்கவில்லை.

தில்லியும் விழித்துக்கொண்டது. 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி வந்தது. பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சிற்றலை அலைபரப்பிகள் அதைச் சுமந்தன. திரைப்பாட்டு வேண்டாம் என்ற அமைச்சரின் காலத்திலேயே திரைப்பாட்டுக்கென்று ஒரு சேவை! 1967இல் அதில் விளம்பரமும் வந்தது. இனி இந்தியக் கம்பெனி கொழும்பு வழியாகச் சுற்றவேண்டியதில்லை. காசு மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. நேயர்கள் உடனே திரும்பவில்லை. குரல்கள் அங்கே இருந்தன.

நான் முதலில் குறித்துக்கொள்ளச் சொன்னது இங்கே வருகிறது. பெயர் வர்த்தக சேவை. வீடு அரசாங்கத்தின் வீடு. 1967 ஜனவரியில் துறை கூட்டுத்தாபனமானது. 1972இல் நாடு குடியரசானதும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்றது. நிறுவனத்தின் பெயர் மாறினாலும் செய்தி அரசின் செய்திதான். இனமுரண் முற்ற முற்ற, அதே நிலையம் போடும் பாட்டை நம்பிய தமிழர்கள் அது சொல்லும் செய்தியை நம்பவில்லை. 1983 ஜூலையில் தமிழர்மீது நடந்த வன்முறைக்குப் பின் ஈழத்து வீடுகளில் பாட்டுக்குக் கொழும்பு, செய்திக்கு லண்டன் தமிழோசை, மணிலாவின் வெரித்தாஸ் வானொலி என்று ஒரே பெட்டியில் முள் நகர்ந்தது. ஒரு வானொலிக்கு இதைவிட மோசமான தீர்ப்பு வேறில்லை. அறிவிப்பாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே சம்பளம் வாங்கினார்கள். யார் பக்கம் என்ற கேள்வி எல்லாத் திசையிலிருந்தும் அவர்களை நோக்கி வந்தது. கே. எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். பலர் நாட்டை விட்டுப் போனார்கள்.

தொலைக்காட்சியும் ஒலிநாடாவும் வானொலியைக் கொன்றன என்று எழுதுவது வழக்கம். சென்னைத் தொலைக்காட்சி 1975இலும் ரூபவாஹினி 1982இலும் வந்தன; ஒலிநாடாக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அவற்றின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சி வந்த ஊர்களிலெல்லாம் வானொலி உருமாறிப் பிழைத்திருக்கிறது. கொழும்பின் தமிழ் ஒலிபரப்பு இழந்தது நேயருக்கும் நிலையத்துக்கும் இடையே தபாலட்டையால் கட்டப்பட்ட உறவை. போர்க்கால நாட்டில் தன் பெயரையும் ஊரையும் எழுதி அரசு நிலையத்துக்கு அனுப்ப ஒரு தமிழ் இளைஞன் தயங்கினால் அவனைக் குறை சொல்வீர்களா?

தொண்ணூறுகளில் இலங்கையில் தனியார் பண்பலைகள் வந்தன. 1998இல் சூரியனும் சக்தியும் தொடங்கின. தபாலட்டையின் இடத்தைத் தொலைபேசி பிடித்தது. கூட்டுத்தாபனத்தின் வர்த்தக சேவை ‘தென்றல்’ என்ற பெயரில் தொடர்கிறது. அப்துல் ஹமீது தம் நினைவுகளை ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று நூலாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் தேடிப் படியுங்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வேறொன்றையும் செய்யலாம். லண்டனிலும் டொரொண்டோவிலும் பாரிஸிலும் ஈழத்தமிழர் நடத்தும் வானொலிகளைக் கேளுங்கள். அவற்றில் சிலவற்றைத் தொடங்கியவர்களும் வளர்த்தவர்களும் கொழும்பில் பழகியவர்கள். அங்கே திரைப்பாட்டுக்கு இப்போது யாரும் காத்திருப்பதில்லை, அது எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. கட்டணம் கட்டி ஒலிபரப்பாகும் மரண அறிவித்தல் மட்டும் அதே வரிசையில் தொடர்கிறது: பிறப்பிடம் கரவெட்டி, வசிப்பிடம் ஸ்கார்பரோ. நிலையத்தின் வாடகையில் ஒரு பகுதி அதிலிருந்துதான் வருகிறது.